மதகுக்கு மேற்கே

இராஜாங்கம் பாதி முகம் மழித்திருந்தார். வேப்பமரத்து ஆணியில் கண்ணாடியை மாட்டி, இடது கன்னத்தை முடித்துவிட்டு வலது கன்னத்தில் நுரை தடவிக்கொண்டிருந்தவரிடம், “பொண்ணு பாக்கவா கெளம்புறீங்க?” என்றாள் மனைவி அம்சம்.

“நீ சரின்னு சொன்னா பாத்துருவோம்” என்று சிரித்தார். அவள் சாணிக்கூடையோடு கொட்டகைக்குள் போனாள். அவர் சிரித்து அவள் கேட்டது அதுதான் கடைசி.

வாய்க்காலில் அப்போதுதான் தண்ணீர் வந்திருந்தது. அந்தக் கோடையில் பழைய மதகை இடித்துவிட்டு, கிழக்கே தள்ளிப் புதிதாகக் கட்டியிருந்தார்கள். அதற்கு முந்தைய ஐப்பசியில்தான் பக்கத்துத் தெருச் செழியனின் தலைச்சன் பிள்ளை பிறந்த மறுநாளே இறந்தது. தலைச்சன் பிள்ளையின் மண்டையோட்டை மந்திரவாதிகள் தோண்டிப்போவார்கள் என்ற பயத்தில், அந்த ஊரில் அப்படிப்பட்ட குழிக்கு அடையாளமே வைப்பதில்லை. தகப்பனும் குழி வெட்டுகிறவரும் மட்டும் போவார்கள். வெட்டியவர் இராஜாங்கம். கொட்டுகிற மழையில் அழுதுகொண்டு நின்ற செழியனுக்கு மனதில் தங்கியது, மதகும் அதற்கு மேற்கே ஒரு பூவரசும்தான். மறுவாரமே அவன் சிங்கப்பூர் போய்விட்டான்.

முந்தின நாள்தான் ஊர் திரும்பியவன், பிள்ளைக்குப் பால் ஊற்றப் போனான். புது மதகுக்கு மேற்கேயும் ஒரு பூவரசு நின்றது. அதனடியில் மண் கிளறிக் கிடந்ததைப் பார்த்துப் பதறித் தோண்டினான். ஒன்றும் இல்லை. இரண்டு பேருக்கு மட்டுமே தெரிந்த இடம்.

பயந்த பிள்ளைகளுக்கு இராஜாங்கம் திருநீறு போடுவார். தெருவே அவரிடம்தான் தூக்கிக்கொண்டு ஓடும். அன்று பொழுது சாய்வதற்குள் எல்லாமே வேறு மாதிரி நினைவுக்கு வந்தது. “கதவ சாத்திட்டுதான மந்திரிப்பாரு? உள்ள என்ன செஞ்சாருன்னு நம்மளுக்கு என்ன தெரியும்?” என்று தன் மகளையும் அவரிடம் தூக்கிப்போயிருந்த மலர்க்கொடி பேசியது வாட்ஸ்அப்பில் ஊர் ஊராகப் போனது. விடிவதற்குள் அவள் மகள் உடம்பில் கீறல் இருந்ததாகவும், வேறு பிள்ளைகளுக்கு ரத்தம் குடிக்கக் கொடுத்ததாகவும் வளர்ந்துவிட்டது.

அம்சம் சத்தம் கேட்டுக் கொட்டகையிலிருந்து ஓடி வந்தபோது செழியனும் தெருக்காரர்களும் அவரைக் கண்ணாடியோடு இழுத்துப் போட்டிருந்தார்கள். மண்வெட்டிக் காம்பு முதுகில் இறங்கியது. பைக் செயின் காதைப் பிய்த்தது.

“மண்டைய எங்கடா வச்சிருக்க?” செழியன் அவர் நெஞ்சில் மிதித்தான்.

“பழைய மதகுப்பா... பழைய மதகு...” நுரையும் ரத்தமும் சேர்ந்து வழிய, அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

“மந்திரம் சொல்றான். வாயிலயே போடு” என்றது ஒரு குரல்.

போட்டார்கள். பற்கள் சாணி மெழுகிய வாசலில் சிதறின. குறுக்கே விழுந்த அம்சத்தின் மணிக்கட்டு முறிந்தது. பிணவறையில் அவரைக் காட்டியபோதும் முகத்தின் ஒரு பக்கம் மழித்தும் மறுபக்கம் மழிக்காமலும்தான் இருந்தது.

போலீஸ் திருநீற்றுச் சட்டியை எடுத்துப்போனது. அவர்மேல் சொன்னது எதுவும் நிரூபணமாகவில்லை, இல்லையென்றும் ஆகவில்லை. தெருவில் இப்போது பகலிலும் கதவுகளைச் சாத்தியே வைத்திருக்கிறார்கள். ஒருவர் வீட்டுப் பிள்ளையை இன்னொருவர் தூக்குவதில்லை. மலர்க்கொடி அம்சத்தைக் கண்டால் சந்து வழியாகத் திரும்பிவிடுகிறாள்.

ஜாமீனில் வந்த செழியன் ஒரு மத்தியானம் வேலிக்கு வெளியே வந்து நின்றான்.

“அத்தே. மாமா அன்னைக்கு என்னமோ சொன்னாரே. காதுல சரியா விழல.”

“ஒனக்கா விழல?”

புது மதகு கட்டும்போது வாய்க்கால் வெட்டிய இயந்திரம் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போயிருந்தால் என்ற பயம் அவளுக்கும் இருந்தது. அதனால்தான் அவள் அந்தப் பக்கமே போனதில்லை. போய் ஒன்றும் இல்லையென்றால் அவர் இன்னொரு தடவை சாவார். ஆனாலும் கோணிய கையால் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.

இடித்த மதகின் செங்கற்கள் புதருக்குள் கிடந்தன. அதற்கு மேற்கே நின்ற பூவரசின் அடியில் மண்வெட்டியைப் போட்டாள்.

“இங்கதான் தம்பி. வெட்டிப் பாரு.”

செழியன் குந்தி உட்கார்ந்தான். மண்வெட்டியைத் தொடவில்லை. அவனுக்கு முன்னால் அருகம்புல், வேரோடு வேர் பின்னி, எங்கும் ஒரு வெட்டுக்கூடப் படாமல் கிடந்தது.