ஒற்றைக் கடுக்கன் சாகாத தியேட்டர்

ஒற்றைக் கடுக்கன் என்ற கொள்ளைக்காரன் நிஜத்தில் ஒரு தடவைதான் செத்திருப்பான். சினிமாக்காரர்கள் விடுவதாக இல்லை. முதல் படத்தில் தூக்கில் தொங்கவிட்டார்கள்; ஜனங்கள் நாற்காலியை உடைத்தார்கள். இரண்டாவதில் கூட்டாளி காட்டிக்கொடுத்துச் செத்தான். கூட்டாளியாக நடித்தவருக்கு அப்புறம் ஊரில் யாரும் முடிவெட்டிவிடவில்லை. மூன்றாவதில் திருந்தி அரசாங்க வேலைக்குப் போனான். இதற்குத் தூக்கே தேவலை என்றார்கள்.

நாலாவதை எடுத்த இளம் இயக்குநருக்கு இந்தச் சரித்திரம் தலைகீழ்ப் பாடம். அதனால் கயிறு கழுத்தில் விழுந்த பிறகும் கடுக்கனைத் தப்பிக்க வைத்தான். குதிரை, ஆறு, வெடிகுண்டு, போகிற போக்கில் ஒரு முத்தம். படத்தின் பாதிச் செலவு அந்தக் கடைசிக் காட்சிக்கே. செலவழித்தவர் குழாய்க் கடை வைத்திருக்கும் மாமனார். ஜனங்கள் மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கொண்டு வெளியே வந்தால் மாப்பிள்ளை மறுநாளே கடையில் உட்கார்ந்து குழாய் அறுக்க வேண்டும் என்பது பேச்சு.

முதல் நாள் பகல் காட்சி. மாமனாரும் மாப்பிள்ளையும் கடைசி வரிசையில். கயிறு விழுந்தது. குதிரை வரப்போகிறது என்று இயக்குநர் நாற்காலி நுனிக்கு நகர்ந்தான்.

விளக்கு எரிந்தது. கதவுகள் திறந்தன. ஜனங்கள் சாவகாசமாக எழுந்து செருப்பைத் தேடினார்கள்.

அவன் நாலுகால் பாய்ச்சலில் மாடியறைக்கு ஏறினான். படம் ஓட்டுகிற ஆபரேட்டர் கால்மேல் கால் போட்டு முறுக்கு தின்றுகொண்டிருந்தார். முதல் படத்தில் இங்கே நாற்காலி உடைந்த நாளிலிருந்து கடுக்கன் படம் எது வந்தாலும் முடிவு வருமுன் நிறுத்திவிடுவது வழக்கமாம்; இதைக் கயிற்றோடு நிறுத்திவிட்டாராம். இதன் முடிவை முன்னாலேயே பார்க்க மனசு வரவில்லையாம்.

"அண்ணே, இதுல அவன் சாகல."

"எதுலதான் தம்பி செத்தான்? முதல் நாளோட சரி. அப்புறம் இந்தத் தியேட்டர்ல அவன் செத்ததே இல்ல."

இயக்குநர் வாசலுக்கு ஓடி, கடுக்கன் தப்பித்துவிட்டான் என்று கூட்டத்திடம் கத்தினான். அது தெரியாதா, எப்படி என்று சொல் என்றார் பஸ் டிரைவர் ஒருவர். சொன்னான். குதிரை வந்தபோது முகங்கள் சுருங்கின. முத்தத்தில் இரண்டு பேர் வீட்டுக்கே கிளம்பினார்கள்.

"குதிரையாம் குதிரை," என்றாள் ஒரு தையல்காரம்மா. "தூக்குப் போடுறவன் அவனோட சொந்த அண்ணன். முடிச்சைப் பாத்தா தெரியலையா?"

தொங்கியதே நீதிபதிதான் என்றார் டிரைவர். அவ்வளவுதான், தெரு இரண்டுபட்டது. முடிச்சை மறுபடி பார்த்தே தீருவதென்று ஆளாளுக்கு அடுத்த காட்சிக்கு டிக்கெட் வாங்கினார்கள். அந்த வரிசையில் மாமனாரும் நின்றார்.

"தூக்குமேடைக்கு அடியில குழாய் போகுது மாப்ள. அது வழியாத்தான் நழுவியிருக்கான். கடைக்கு ஆளு அப்புறம் பாத்துக்கலாம், முதல்ல இதப் பாக்கணும்."

அந்தக் காட்சியில் கயிறு நெருங்கும்போது இயக்குநர் மாடியறையில் இருந்தான். இந்த முறையாவது முழுசாகப் போடட்டுமா என்று ஆபரேட்டர் கேட்டார். இயக்குநர் குதிரையை நினைத்தான், ஆற்றை நினைத்தான், முத்தத்துக்கு மட்டும் கொஞ்சம் கண்கலங்கினான்.

"நிறுத்திடுங்கண்ணே," என்று சொல்லிவிட்டுப் படிகளில் தாவித் தாவி இறங்கினான். சொந்த அண்ணனாக இருந்தால் கயிற்றையே எடுத்திருக்க மாட்டானே. கூட்டம் கலைவதற்குள் தையல்காரம்மாவைப் பிடித்தாக வேண்டும்.