வையாத பந்தி

1

இந்தக் கதை ஒரு மோசமான சாப்பாட்டிலிருந்து பிறந்தது. சாப்பாடு நன்றாக இருந்திருந்தால் வீட்டுக்கு வந்து படுத்திருப்பேன், எழுதியிருக்க மாட்டேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'கோவில்பட்டிக்குத் தெற்கே நாலுவழிச் சாலைக்காகப் புளியமரங்களை வெட்டிச் சாய்த்த வருடம் அது.' மரங்களைப் பற்றியே இரண்டு பக்கம் ஓடியது. சாப்பாடு வரவே இல்லை. அடித்துவிட்டேன்.

அடுத்து, 'என் கணவர் இறந்த மூன்றாம் மாதம் நான்' என்று எழுதினேன். 'நான்' என்ற சொல்லோடு பேனா நின்றுவிட்டது. அதற்குப் பிறகு என்ன வினை போடுவது என்று தெரியவில்லை. அதனால் சொர்ணத்தாய் என்று ஒருத்தியை வைத்துக்கொண்டேன். அது என் பெயர்தான். ஆனால் 'சொர்ணத்தாய் போனாள், சொர்ணத்தாய் உட்கார்ந்தாள்' என்று எழுதும்போது இந்த வீட்டில் இன்னொருத்தி நடமாடுவதுபோல இருக்கிறது. இருக்கட்டும்.

2

சொர்ணத்தாயின் கணவர் கருத்தையா, தீப்பெட்டி லோடு அனுப்பும் லாரி புக்கிங் ஆபீசில் கணக்கு எழுதினார். அவருக்கு மூன்று சேக்காளிகள். உரக்கடை சுடலைராஜ், வாய் ஓயாதவர். ரெடிமேட் துணிக்கடை அப்துல் சுபஹான், சிரித்தால் தோள் குலுங்கும். தபால் ஆபீஸ் பூவனநாதன். (இவரைப் பற்றிப் பிறகு.)

மாதத்தின் முதல் ஞாயிறு மாலை நான்கு பேரும் எங்காவது சேர்ந்து சாப்பிடுவார்கள். விளாத்திகுளம் வரை பஸ் ஏறிப் போய்த் தின்றுவிட்டு வந்த மாதமும் உண்டு. இதற்குப் 'பந்தி' என்று பெயர். முறை வைத்து ஒருவர் பந்திக்காரர். கடையைத் தேர்வது அவர். எல்லாருக்கும் என்னென்ன என்று சொல்வதும் அவர். மற்றவர்கள் மெனுவைத் தொடக்கூடாது. வந்ததைத் தின்றபடியே மூன்று பேரும் பந்திக்காரரை வைய வேண்டும், வாய்க்கு வந்தபடி திட்ட வேண்டும். நன்றாக இருந்தாலும் வைய வேண்டும். அவர் தன் சாப்பாட்டுக்காக வாதாட வேண்டும். கடம்பூர்ப் போளியையே ஒருமுறை, "இதை மடிச்சு பீரோவில வைக்கலாம் வே" என்று சுடலைராஜ் வைதிருக்கிறார். வைதுகொண்டே ஆறு தின்றார்.

போளி விஷயம் சொர்ணத்தாய்க்குச் சுபஹான் சொல்லித்தான் தெரியும். கருத்தையா வீட்டில் பேசுகிறவர் இல்லை. தட்டில் விழுந்ததைத் தின்பார். போதும் என்றால் கையைக் காட்டுவார். ஆனால் பந்தி முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் வாசலில் கால் கழுவும்போது தனக்குத்தானே சிரித்துக்கொள்வார்.

"என்ன?" என்பாள் அவள்.

"ஒண்ணுமில்ல. அது அங்கன இருந்தாத்தான் சிரிப்பு வரும்."

இருபது வருடத்துக்கு மேல் இதே பதில். தன் பேச்சையெல்லாம் அந்த மேசைக்கென்று மிச்சம் பிடித்து வைக்கிறார் என்று அவள் நினைத்தாள். கோபம் இல்லை. ஒருநாள், ஒரே ஒருநாள், பக்கத்து மேசையில் முதுகைக் காட்டி உட்கார்ந்தாவது அதைக் கேட்டுவிட வேண்டும் என்று மட்டும் இருந்தது.

[அவர் இறந்த பிறகு வீட்டில் சத்தம் குறையவில்லை. முன்பு எவ்வளவோ, அவ்வளவேதான் இருந்தது. அதுதான் பயமாக இருந்தது. இந்த வரியைச் சொர்ணத்தாய் மேல் போட்டு எழுத வரவில்லை. அடைப்புக்குள்ளேயே கிடக்கட்டும்.]

3

மூன்றாம் மாதம் மூன்று பேரும் வீட்டுக்கு வந்தார்கள். நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்கள். சுடலைராஜ் தொண்டையைச் செருமினார்.

"மதினி, ஒரு காரியம். பந்தி நின்னு போச்சு."

"ஏன் அண்ணாச்சி?"

"கடைசியா கருத்தையா முறை. பைபாஸ்ல புதுசா ஒரு இத்தாலி ஓட்டல் வந்திருக்குல்லா, அங்கனதான்னு சொல்லிட்டான். அதுக்குள்ள…" நிறுத்திக்கொண்டார். "அவன் முறை முடியாம அடுத்த முறை வராது. நாங்களும் மூணு மாசமா யோசிக்கோம்."

"நீங்க வாங்க தங்கச்சி" என்றார் சுபஹான். "அவரு எடத்துல உக்காந்து நீங்க சொல்லுங்க. நாங்க சாப்பிடுதோம்."

பக்கத்து வீட்டு ராமலட்சுமி விஷயம் தெரிந்ததும், "ஓட்டலுக்கா? மூணு ஆம்பளையளோடயா? இத்தாலிக்கா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். மூன்றுக்கும் ஆமாம் என்றாள் சொர்ணத்தாய். அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். அந்த வசவைக் காதால் கேட்க வேண்டும். அதைக் கேட்டுவிட்டால், வாசலில் கால் கழுவிக்கொண்டு சிரித்த மனிதரின் மீதிப் பாதி கிடைத்துவிடும்.

4

பூவனநாதனைப் பற்றி எனக்குச் சந்தேகம். அன்று வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை பேசவில்லை. காப்பியைக் குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்து வைத்தார். கதைக்கு இப்படி ஒரு ஆள் தேவையா? இரண்டாம் முறை எழுதியபோது அவரை எடுத்தே விட்டேன். மேசையில் ஒரு நாற்காலி காலியானது. ஏற்கெனவே ஒருவர் இல்லாத மேசையில் இன்னொருவரையும் இல்லாமல் ஆக்க மனம் வரவில்லை. மறுபடி கூட்டிவந்து உட்கார வைத்திருக்கிறேன்.

5

ஓட்டலின் பெயர் 'ரோமா 1950'. கப்பலில் சமையல்காரராக இருந்து திரும்பிய இசக்கிராஜா என்பவர் கரிசல் காட்டை மேடாக்கிக் கட்டியிருந்தார். வாசலில் அரிக்கேன் விளக்கு. உள்ளே வால்வு ரேடியோ, டயல் சுற்றும் கறுப்புத் தொலைபேசி, இரும்புத் தராசு, கிராமபோன் குழாய். பழைய தீப்பெட்டி லேபிள்களுக்குக் கண்ணாடிச் சட்டம். சுவரிலிருந்து அரை ஸ்கூட்டர் ஒன்று, முன்சக்கரமும் விளக்குமாக, வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

(இத்தாலியின் பழமைக்குக் கோவில்பட்டியின் பரண் எப்படிப் போதுமானது என்று நான் நிறைய யோசித்தேன். ஒரு பொருள் வயதால் பழையதாவதில்லை என்றுதான் தோன்றுகிறது. எடுத்து உபயோகிக்க ஆள் இல்லாமல் போகிற நாளிலிருந்து அது பழையது. அந்தக் கணக்கில் எங்கள் வீட்டு முகச்சவரப் பெட்டிக்கு வயது மூன்று மாதம். கட்டுரையாகப் போகிறது, நிறுத்துகிறேன்.)

அந்த அரை ஸ்கூட்டர் சுபஹான் ஓட்டிவந்த அதே ஜாதி வண்டி. அவருடையது வெளியே வேலிக்கருவை நிழலில் முழுசாக நின்றது. மூன்று பேரும் சுவரைப் பார்த்தார்கள். வாசலைப் பார்த்தார்கள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.*

* இந்த இடத்தில் ஒரு வசவு வந்திருக்க வேண்டும். சொர்ணத்தாய் காத்திருந்தாள். வரவில்லை.

6

மெனுவை அவள் முன்னால் வைத்தார்கள். ஆங்கில எழுத்துகளைக் கூட்டிப் படிக்க அவளுக்கு வரும், அர்த்தம்தான் வரவில்லை. அவர் இருந்தால் எதைச் சொல்லியிருப்பார் என்று யோசித்தாள். அவருக்கு எது பிடிக்கும் என்பதே தனக்குத் தெரியாது என்று அப்போதுதான் தெரிந்தது. போட்டதைத் தின்றவர்.

இருப்பதில் நீளமான பெயர்களாக நான்கைத் தொட்டுக் காட்டினாள்.

"கறி கிடையாதே?" என்று மட்டும் கேட்டுக்கொண்டாள், ஹலால் பார்க்கும் சுபஹானுக்காக.

"எல்லாம் சைவம்தாம்மா" என்றார் இசக்கிராஜா.

வந்தன. வெள்ளைக் குழம்பில் மிதக்கும் உருளைக்கிழங்குக் கொழுக்கட்டை. சிவப்புச் சாறு ஊற்றி அடுக்கிய மாவுப் பாளம். ஒரு கெட்டி சூப். பச்சை இலைகளின்மேல் கறுப்பாக, வட்டமாக, நாவல்பழம்போல ஒன்று. சுபஹான் நாவல்பழம் என்று நம்பித்தான் வாயில் போட்டார். ஒரு கண் மூடிக்கொண்டது. கன்னம் உள்ளே போனது.

"நல்லாருக்கு தங்கச்சி" என்றார். "நல்ல… உப்பு."

"அருமை மதினி" என்றார் சுடலைராஜ், மாவுப் பாளத்தை முள்கரண்டியால் துரத்தியபடி. பூவனநாதன் கொழுக்கட்டையை விழுங்கிவிட்டுத் தலையை ஆட்டினார்.

சொர்ணத்தாய் ஒரு வாய் வைத்தாள். மகா மோசம்.

ஆனால் அவர்கள் புகழ்ந்தார்கள். பாத்திரம் நன்றாக இருக்கிறது என்றார்கள். வெளிச்சம் நன்றாக இருக்கிறது என்றார்கள். சுடலைராஜின் தொண்டையில் ஒரு வசவு ஏறி வந்து நின்று, ஒரு வாய்த் தண்ணீரோடு உள்ளே இறங்கியதை அவள் பார்த்தாள். துக்க வீட்டில் காப்பி சரியில்லை என்று யாரும் சொல்வதில்லை. அவள் எங்கே போனாலும் துக்க வீடும் கூடவே வந்து உட்கார்ந்துகொண்டது. நாலாவது நாற்காலியில் உட்கார்ந்தும் அவள் இன்னும் அங்கே வந்து சேரவில்லை.

இங்கே கதையை முடித்திருக்கலாம். முதல் பிரதியில் அப்படித்தான் முடித்தேன்: 'அவள் கைகழுவ எழுந்தாள்.' வாசித்துப் பார்த்தால் பொய்யாக இருந்தது. அவள் எழவில்லை.

7

"அண்ணாச்சி, இது நல்லாவா இருக்கு?"

"நல்லாத்தானே மதினி…"

"சைக்கிள் ட்யூபை வென்னீர்ல போட்டு எடுத்த மாதிரி இருக்கு. அவிய இருந்தா இந்நேரம் சும்மாவா இருந்திருப்பீங்க? என்னைய மட்டும் ஏன் வைய மாட்டேங்கிறீங்க?"

மூன்று பேரும் தட்டைப் பார்த்தார்கள். பிறகு சுடலைராஜ் முள்கரண்டியைக் கீழே வைத்தார். அவளைப் பார்க்கவில்லை, சுவரில் இருந்த கிராமபோன் குழாயைப் பார்த்துத்தான் ஆரம்பித்தார்.

"ஏலே கருத்தையா! சாவுததுக்கு முந்தி ஒரு உருப்படியான கடையச் சொல்லிட்டுப் போகக்கூடாதாலே? எத்தன நாளா மனசுல வச்சிருந்த எங்களப் பழிவாங்கணும்னு?"

சுபஹானின் தோள் குலுங்கியது. "நாவல்பழத்த ஊறுகா போட்டவன் எவன் வே? அவன் கையக் காட்டச் சொல்லும்."

"நீரு பேசாதீரும் பாய். வண்டியப் பூட்டிட்டு வந்தீரா? சுவத்துல பாதிதான் இருக்கு. மீதிப் பாதிக்கு ஓட்டல்காரன் வண்டி தேடிக்கிட்டு இருக்கான்."

பூவனநாதன் வெள்ளைக் குழம்பில் விரலைத் தொட்டு இழுத்துப் பார்த்தார். "இத ஒரு வாளி குடுத்தா ஆபீஸ்ல ஒரு வருசத்துப் பார்சலுக்குப் பசை ஆகும்" என்றார்.

பந்திக்காரர் வாதாட வேண்டும். சொர்ணத்தாய் முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

"அவிய தெரியாம ஒண்ணும் சொல்லல. உங்க நாக்கு உரக்கடை நாக்கு. யூரியாவும் பொட்டாசும் மணந்த மூக்குக்கு இத்தாலி எங்கன தெரியும்? பாய் அண்ணாச்சி, அது ஊறுகா இல்ல, அது மரியாதையான பழம். தெரியாத பழத்த வாயில போட்டது உங்க தப்பு. பசைன்னு சொன்னவரு தட்ட வழிச்சு நக்கிட்டுச் சொல்லுதாரு பாருங்க!"

பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தார்கள். சுபஹானுக்கு இருமல் வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். எத்தனையோ காலத்துக்குப் பிறகு தன் சிரிப்புச் சத்தத்தைக் கேட்டு அவளுக்கே கூச்சமாக இருந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு சுடலைராஜ் சொன்னார்: "கருத்தையா முறைன்னா இவ்வளவு ருசிக்காது மதினி. நாங்க வைதா ஒரு வார்த்த திருப்பிப் பேச மாட்டான். முத வசவுலயே தோத்துருவான்."

"பேச மாட்டாவளா?"

"அவன் எங்க பேசுனான்? நாங்க பேசுவோம், அவன் சிரிப்பான். அவன் சிரிக்கணும்னுதான நாங்க பேசுனது."

சொர்ணத்தாய் தண்ணீர்க் குவளையை எடுத்தாள். குடிக்காமல் வைத்தாள்.

அவர் பேச்சை மிச்சம் பிடிக்கவில்லை. அவரிடம் இருந்ததே அவ்வளவுதான். யாராவது பேசக் கேட்க மாதம் ஒருமுறை பஸ் ஏறிப் போயிருக்கிறார். அவர் பேசட்டும் என்று அவள் அடுப்படியில் காத்திருந்தாள். அவள் பேசட்டும் என்று அவர் தட்டுக்கு முன்னால்

(இந்த வாக்கியத்தை முடிக்க நாலு நாள் முயன்றேன். இப்படியே விடுகிறேன்.)

8

வெளியே வந்து ஆட்டோவுக்காக நின்றார்கள். அறுவடை முடிந்த காட்டிலிருந்து சூடான காற்று வந்தது. பந்தி அடுத்த மாதம் பழையபடி நடக்கும் என்று பேசிக்கொண்டார்கள்.

"அடுத்து யார் முறை?" என்று கேட்டாள்.

"என் முறை" என்றார் பூவனநாதன்.

"எங்கன?"

"கடைய மொதல்ல சொல்லுத வழக்கம் எனக்குக் கிடையாது." சற்று நின்றார். "பந்தியில யாரும் யாரையும் கூப்பிடுறது இல்ல மதினி. ஞாயித்துக்கிழமை ஆறு மணிக்குப் பழைய பஸ் ஸ்டாண்டுல டீக்கடைகிட்ட நிப்போம். வந்தவங்க போவோம்."

அவர் சொன்னது வா என்றா, இது எங்கள் வழக்கம் என்றா? அவர் முகத்தைப் படிக்க அங்கே வெளிச்சம் போதவில்லை. இருந்திருந்தாலும் பூவனநாதன் முகத்தில் படிக்க ஒன்றும் இருக்காது.

இன்று அந்த ஞாயிறு. இப்போது மணி நாலைத் தாண்டிவிட்டது. இதுவரை யாரும் வரவில்லை, போனும் இல்லை. போன தடவை வீடு தேடி வந்து கூப்பிட்டார்கள், விருந்தாளி என்பதால். இந்தத் தடவை கூப்பிடாதது, நான் விருந்தாளி இல்லை, பந்தியில் ஒருத்தி என்பதாலா? அல்லது என் கணவர் முறை முடிந்தது, அதோடு என் வேலையும் முடிந்தது என்பதாலா? இரண்டும் ஒரே மௌனம்தான். வீட்டுக்குள் இருந்து வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது.

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: வாசலில் சுபஹானின் ஸ்கூட்டர் சத்தம் கேட்கிறது. 'வாங்க தங்கச்சி' என்கிறார். கேட்க இதமான முடிவு. ஆனால் கூப்பிட்டுப் போகிறவள் மறுபடி விருந்தாளி; மறுபடி எல்லாம் அருமை என்பார்கள். வேண்டாம்.

இரண்டு: சொர்ணத்தாய் சேலை மாற்றுகிறாள், பிறகு அதை மடித்து வைத்துவிட்டு மத்தியானச் சோற்றைச் சுட வைக்கிறாள். இது எழுத மிகச் சுலபமாக வந்தது. அதனாலேயே பயந்து கிழித்துவிட்டேன்.

மூன்று: சொர்ணத்தாய் பழைய பஸ் ஸ்டாண்டுக்குள் நுழைந்தபோது டீக்கடைப் பக்கம் நின்ற மூன்று பேரும்

அவ்வளவுதான் எழுதினேன். அவர்கள் முகம் எப்படி இருந்தது என்று இங்கே உட்கார்ந்து நான் எழுதினால் அது என் ஆசையாக இருக்கும், இல்லையென்றால் என் பயமாக இருக்கும். இரண்டுமே கதை ஆகாது. அதனால் பேனாவை மூடிவிட்டுச் சேலை மாற்றப் போகிறேன். நுழைந்ததற்குப் பிறகு உள்ளதை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்று பேரும் மரியாதையாகக் கும்பிட்டு ஒதுங்கி நின்றால் எனக்குச் சொல்ல வேண்டாம். யாராவது ஒருவர், "என்ன மதினி, ஊர்வலமா வாரீங்க? பஸ்ஸு உங்களுக்காக நிக்குமா?" என்று வைதால் மட்டும் சொல்லுங்கள்.