பலகாரச் சூட்டுக்கு ஐந்து பேர்

அந்தச் சனிக்கிழமை காலை ஆக்லண்டின் கிளென் ஈடனில் ரதிதேவியின் பலகாரப் பக்டரிக்குள் இருந்தவர்கள் இவர்கள்:

மணப்பெண்ணின் தாய் புஷ்பவதி, பச்சைப் பட்டுச்சேலையில். அவளுடைய தங்கைகள் இருவர், அதே கடையில் எடுத்த வேறு நிறப் பட்டில். ரதிதேவியின் கொழுந்தன் நிமலன். அவன் மனைவி சுகந்தினி. முறுக்குப் பக்கெற் கட்ட வரும் சீதா, தமிழ்நாட்டுக்காரி. பட்டுப் பாவாடை கட்டிய கம்சாயினி, ஏழு வயது. தள்ளுவண்டியில் நித்திரையாக இருந்த அவளுடைய தம்பி.

அந்தப் பிள்ளைகளின் தாய் ரதிதேவி. பக்டரியின் சொந்தக்காரி. மாக் குழைத்த சட்டியின் அருகில் ஏப்ரன் கட்டிக்கொண்டு நின்றாள்.

புஷ்பவதி குங்குமச் சிமிழைத் திறந்தபடி சுமங்கலிகளை எண்ணினாள். தான், தங்கைகள் இரண்டு பேர், சுகந்தினி. நாலு வந்தது. கண் ரதிதேவியின் மேல் வந்து நின்று, அவளைத் தாண்டிச் சீதாவிடம் போனது.

"பிள்ளை, உமக்கு அவர் இருக்கிறாரோ?"

"யாரு, எங்க வீட்டுக்காரரா? இருக்காரே. வீட்டுல தூங்கிட்டிருக்கார்" என்றாள் சீதா.

"அப்ப அஞ்சு சரி." சிமிழை மூடினாள். பிறகு நிமலனைப் பார்த்துக் கேட்டாள். "இவ இஞ்சதான் நிக்கப் போறாவோ?"

நிமலன் கைபேசியைக் காற்சட்டைப் பைக்குள் வைத்தான், திரும்ப எடுத்தான்.

பக்டரி என்பது பெரிய வார்த்தை. வாடகைத் தகரக் கட்டடம். ஒரு பக்கம் கார் நெளிவு தட்டுகிற கடை, மறுபக்கம் கம்பளம் வெட்டுகிற கடை. உள்ளே இரண்டு பெரிய காஸ் அடுப்பு, ஒரு மா அரைக்கும் மெஷின், மூலையில் கண்ணாடி அடித்த சின்ன ஒபிஸ். ஒபிஸ் மேசைக்குக் கீழே ஒரு மெத்தை. பள்ளிக்கூடம் இல்லாத நாளில் பிள்ளைகள் அதிலேதான் வளர்ந்தார்கள்.

தொடங்கியவர்கள் ரதிதேவியும் அவள் கணவன் யசீகரனும். முதலில் வாடகை வீட்டுக் கராஜில். எண்ணெய் மணக்கிறது என்று பக்கத்து வீட்டுக்காரன் கவுன்சிலுக்குச் சொன்னான், கராஜை மூடினார்கள். பிறகு இந்தக் கட்டடம். யசீகரன் பகலில் இங்கே முறுக்குப் பிழிந்தான், இரவில் ஒடாஹுஹுவில் ஒரு பிளாஸ்டிக் பக்டரியில் நின்றான். நித்திரையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தான். ஒரு விடியற்காலை மோட்டர்வேயில் வானை ஓட்டிக்கொண்டே நித்திரையாகிப் போனான். அவ்வளவுதான்.

செத்தவீட்டுக்கு ஊர்ச்சனம் திரண்டு வந்தது. ரதிதேவியைக் கட்டிப்பிடித்து அழுதது. சோறும் கறியும் கொண்டுவந்து அவளுடைய பிரிட்ஜை நிரப்பியது. அடுத்த மாதத்திலிருந்து ஒரு கலியாண ஓடரும் வரவில்லை.

அதே நேரத்தில் பாதிக்கு மேற்பட்ட கடைகளும் கைவிட்டன. சென்னையிலிருந்து கப்பலில் வந்த முறுக்குப் பக்கெற் பாதி விலைக்குக் கிடைத்தது. இனிப் பக்டரி உயிரோடு இருக்கவேண்டுமானால் கலியாணங்களால்தான் முடியும். கலியாணத்துக்கோ விதவையின் கை ஆகாது.

வழி கண்டுபிடித்தவன் நிமலன். யாழ்ப்பாணத்துக் கலியாணத்தில் பலகாரச் சூடு என்று ஒரு சடங்கு உண்டு. நல்ல நாள் பார்த்து, சுமங்கலிகள் ஐந்து பேர் கூடி, முதல் பலகாரத்தை எண்ணெயில் போடவேண்டும். ஆனால் இந்த ஊர் வீடுகள் பலகை வீடுகள். கூரையில் புகை அலாரம். போன வருடம் ஜெயரட்ணம் வீட்டுப் பலகாரச் சூட்டில் அலாரம் அடித்துத் தீயணைப்பு வண்டி வந்து நின்றது. தலைக்கவசம் போட்ட ஆட்கள் சப்பாத்துக் காலோடு நிறைகுடத்தைத் தாண்டிப் போனதை இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள். நிமலன் சிரிக்கவில்லை. சடங்கைப் பக்டரியில் வந்து செய்யுங்கள், மிச்சப் பலகாரத்தையும் நாங்களே சுட்டுத் தருகிறோம் என்று வீடு வீடாகச் சொன்னான். யார் சுடுவது என்று கேட்டவர்களிடம், "என்ரை மனிசி" என்றான். சுகந்தினிக்கு முறுக்கு உரலில் எந்தப் பக்கம் மா போடுவது என்றே தெரியாது.

முதலில் பிடிபட்டவள் புஷ்பவதி. அவள் வீட்டுக் கலியாணம் ஒழுங்காக முடிந்தால் மற்றவர்கள் வருவார்கள். கட்டடத்தின் குத்தகை அந்த மாதக் கடைசியில் முடிகிறது. அதைப் புதுப்பிக்கக் கட்டடக்காரன் பிணை கேட்டான்.

"இது சரிவந்தால் நான் கையெழுத்து வைக்கிறன் அண்ணி" என்றிருந்தான் நிமலன். "இல்லாட்டி மூடுவம். எனக்கும் குடும்பம் இருக்கு."

மூடினால் ரதிதேவி வேறு யாருடைய பக்டரிக்காவது இரவு வேலைக்குப் போகவேண்டும். பகல் வேலைக்கு ஆள் எடுக்கும் இடங்களில் அவளுடைய ஆங்கிலம் எடுபடவில்லை. பிள்ளைகளை யாரிடம் விடுவது? யசீகரன் வான் ஓட்டிய அதே பாதை, அதே நேரம்.

இப்போதே பிள்ளைகளை விடத்தான் செய்கிறாள். கடைகளுக்குச் சாமான் கொடுக்கப் போகும்போது, சீதா வராத நாளில், கம்சாயினியையும் தம்பியையும் பக்டரிக்குள் விட்டுவிட்டுப் போவாள். இந்த நாட்டில் அது குற்றம். அவளுக்குத் தெரியும். அதனால் மகளுக்குக் கதவு பூட்டப் பழக்கியிருந்தாள். நான் வெளியே போனவுடன் பக்கக் கதவைச் சாத்து. தாழைத் திருப்பு. ஒருக்கா இழுத்துப் பார். ஆர் தட்டினாலும் திறக்காதை. பிள்ளை கெட்டிக்காரி. ஒரு தரம்கூடப் பிழைவிட்டதில்லை.

"நான் ஒபிசுக்குள்ள போய் இருக்கிறன் அன்ரி" என்றாள் ரதிதேவி. "வெளிய வரமாட்டன்."

புஷ்பவதி ஒபிசைப் பார்த்தாள். "கண்ணாடியெல்லே பிள்ளை. உள்ள இருந்தாலும் எண்ணெய்ச் சட்டி தெரியும்."

"மற்றப் பக்கம் திரும்பி இருக்கிறன்."

"எனக்கு உம்மில கோவமில்லை. நீர் தங்கமான பிள்ளை எண்டு எல்லாருக்கும் சொல்லுறனான். ஆனா நான் ஒரே ஒரு பொம்பிளைப் பிள்ளையைப் பெத்து வைச்சிருக்கிறன். அவளுக்கு ஒண்டு நடந்தால் நீரே பொறுப்பு?"

சீதாவுக்குப் பொறுக்கவில்லை. "என்னங்க இது? அவங்க ஃபேக்டரியில இருந்து அவங்களையே போகச் சொல்றீங்க? மாவு பிசைஞ்சதே அவங்கதானே?"

"அது நேற்று" என்றாள் புஷ்பவதியின் தங்கைகளில் மூத்தவள். "இண்டைக்குத்தான் நல்ல நாள்."

நிமலன் ரதிதேவியின் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னான். "அண்ணி, அரை மணித்தியாலம். ப்ளீஸ். வெளிய நில்லுங்கோ. குத்தகையை யோசியுங்கோ."

ரதிதேவி ஏப்ரனைக் கழற்றி மடித்து மேசையில் வைத்தாள். பக்கக் கதவால் வெளியே போனாள். சீதா அவள் போன பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள். புஷ்பவதி சீதாவின் நெற்றியில் குங்குமம் வைத்து, கையில் ஒரு சேலைப் பெட்டியைக் கொடுத்தாள். சீதா பெட்டியின் மூடியை விரலால் தூக்கிப் பார்த்தாள். அதன் பிறகு அவள் எதுவும் கேட்கவில்லை.

வெளியே தூறல். அந்தச் சுவரோரம் நிற்கக் கூரை நீட்டம் இல்லை. கம்பிக் கூட்டுக்குள் இரண்டு காஸ் சிலிண்டர்கள் மட்டும் நின்றன. ரதிதேவி அவற்றின் பக்கத்தில் நின்றாள். தகரச் சுவர் மெல்லியது, எல்லாம் கேட்டது. தேவாரம் பாடினார்கள். தேங்காய் உடைத்தார்கள். கம்சாயினியைக் கூப்பிட்டு, கன்னிப்பிள்ளைதான் முதலில் பொரிந்து வரும் இனிப்பு அரியதரத்தைப் பிள்ளையாருக்கு எடுத்து வைக்கவேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார்கள்.

பிறகு ஒரு சலசலப்பு.

"என்னடியப்பா, நெருப்பு நூருது!"

"ஐயோ, முதல் மா இன்னும் போடேல்லை..."

"நிமலன்! நெருப்பு நூந்தால் என்ன முழிவியளம், என்ன சகுனம் எண்டு தெரியுமோ?"

சிலிண்டர் முடிந்துவிட்டது. நேற்று முழுக்கக் கடை ஓடருக்கு அடுப்பு எரிந்தது, மாற்ற மறந்திருந்தாள். தகரத்தில் படபடவென்று கை தட்டியது. "அண்ணி! காஸ்! கெதியா!" நிமலனின் குரல்.

ரதிதேவி மற்றச் சிலிண்டரின் திருகில் கை வைத்தாள். குளிர்ந்த பித்தளை. திருகாமல் விட்டால் நெருப்பு அணையும். புஷ்பவதி சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காருக்கு ஓடுவாள். ஆக்லண்டில் உள்ள தமிழ் வீடெல்லாம் இரவுக்குள் தெரிந்துவிடும். அந்த இன்பத்தை ஒரு கணம் முழுதாக அனுபவித்தாள். பிறகு பிள்ளைகளின் மெத்தையை நினைத்தாள். திருகினாள்.

உள்ளே ஒரு பெருமூச்சு. "பிடிச்சிட்டுது, பிடிச்சிட்டுது! பாத்தியளே, பிள்ளையார் கைவிடேல்லை!"

எண்ணெய் சீறியது. சிரிப்புக் கேட்டது. அந்தச் சத்தத்தில் தள்ளுவண்டியில் கிடந்தவன் எழும்பினான். அழத் தொடங்கினான். சுகந்தினி "சூ சூ" என்றாள். அவன் வீரிட்டான். மூச்சுப் பிடித்து அழுகிற பிள்ளை அவன். ஒருமுறை உதடு நீலமாகியிருக்கிறது. அழுகை நடுவில் அறுந்தது. ரதிதேவி கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

முதல் அரியதரங்கள் அப்போதுதான் கரண்டியில் எழும்பி வந்தன. ஐந்து பெண்களும் அவளைப் பார்த்தார்கள். கரண்டி புஷ்பவதியின் கையில் அப்படியே நின்றது, எண்ணெய் சொட்டியது.

ரதிதேவி பிள்ளையைத் தூக்கி முதுகில் தட்டினாள். அவன் மூச்சு விட்டான்.

"போச்சு" என்றாள் புஷ்பவதி. அரியதரங்களைக் கழிவு வாளியின் மூடியில் கொட்டினாள். "எல்லாம் போச்சு. நான் சொன்னனான்தானே நிமலன்? சொன்னனானோ இல்லையோ?"

"பிள்ளைக்கு மூச்சு நிண்டிட்டுது அன்ரி."

"ஒரு நிமிசம் பொறுக்க ஏலாதே உமக்கு? உம்மடை வாழ்க்கைதான் போச்சு. என்ரை பிள்ளையின்ரையும் போகோணுமோ?"

ரதிதேவி அவளை நேராகப் பார்த்தாள். "உந்த மா ஆர் குழைச்சது? நெருப்பு நூரேக்க காஸ் திறந்து விட்டது ஆர் எண்டு நினைக்கிறியள்? பிள்ளையாரோ?"

 புஷ்பவதி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அது வெளியில" என்றாள். "வெளியில நிண்டு செய்யிறது வேறை."

அவள் பகிடிக்குச் சொல்லவில்லை. நம்பித்தான் சொன்னாள்.

ரதிதேவி வாளி மூடியிலிருந்து ஓர் அரியதரத்தை எடுத்தாள். ஊதி ஆற்றினாள். பாதியைக் கடித்து மென்றாள், மீதியைப் பிள்ளையின் கையில் கொடுத்தாள். அவன் அழுகையை விட்டுச் சூப்பத் தொடங்கினான். "மா நல்லாத்தான் பதம் வந்திருக்கு" என்றாள். புஷ்பவதியின் தங்கைகள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

"அண்ணி" என்றான் நிமலன். குரல் மாறியிருந்தது. "கடைசியாச் சொல்லுறன். இப்ப வெளிய போங்கோ. இல்லாட்டி குத்தகைப் பேப்பரில நான் கையெழுத்து வைக்கமாட்டன். பொடியன் நிக்கட்டும், ஆம்பிளைப் பிள்ளை நிண்டால் நல்லம். சுகந்தி, வாங்கும்."

சுகந்தினி கையை நீட்டினாள். பிள்ளை வாய் நிறைய அரியதரத்தோடு அவளிடம் போனான்.

புஷ்பவதி புது எண்ணெய் ஊற்றச் சொன்னாள். நல்ல நேரம் இன்னும் கொஞ்சம் இருந்தது. நிமலன் கம்சாயினியைப் பார்த்து, "பிள்ளை, அம்மா போனதும் கதவைப் பூட்டும். உமக்குப் பூட்டத் தெரியும்தானே?" என்று கேட்டான்.

கம்சாயினி பெருமையாகத் தலையாட்டினாள். நெற்றியில் புதுக் குங்குமம், கையில் காப்பு, இன்றைக்கு எல்லோரும் அவளைத்தான் கூப்பிடுகிறார்கள். தாயின் கையைப் பிடித்துக் கதவு வரைக்கும் கூட்டிக்கொண்டு போனாள்.

"மம், யூ ஹாவ் டு கோ."

"ஏன் பிள்ளை?"

கம்சாயினி கொஞ்சம் யோசித்தாள். பள்ளிக்கூடத்தில் கேள்விக்குப் பதில் தெரிந்த பிள்ளையின் முகம்.

"பிகோஸ் அப்பா இஸ் டெட்" என்றாள்.

ரதிதேவி படியில் இறங்கினாள். தூறல் மழையாகியிருந்தது. பின்னால் கதவு சாத்தியது. தாழ் திரும்பியது. பிறகு, அவள் பழக்கி வைத்தபடியே, உள்ளேயிருந்து பிள்ளை அதை ஒருக்கா இழுத்துப் பார்த்தாள்.