டச்சப் முகம்

போட்டோ ஸ்டுடியோக்காரன் துரைக்கு இருந்த வாய்க்கொழுப்பு கொஞ்சநஞ்சமல்ல. படம் எடுக்க வருகிற யாரையும் சும்மா விடமாட்டான். "ஏம்மா, இந்த மூக்குக்கு மூணு லைட் போட்டாலும் நிழல் போகாது." "தம்பி, கன்னமா இது, ரோடு போடக் கொட்டின ஜல்லியா?" காசையும் கொடுத்து வசவையும் வாங்கிக்கொண்டு போன ஜனங்களைச் சொல்ல வேண்டும்! இத்தனைக்கும் அவன் தலையில் இருந்தது கடையில் வாங்கிய முடி.

அப்பேர்ப்பட்டவனுக்குப் பாஸ்போர்ட் தேவைப்பட்டது. வெளிநாட்டில் மகளுக்குப் பிரசவ நேரம். தாயில்லாப் பெண். "நீங்க பக்கத்துல இருந்தா போதும்பா" என்று போனில் அழுதிருந்தாள். இன்று வேலை முடிந்தால்தான் நேரத்துக்குப் போய்ச் சேரலாம்.

பாஸ்போர்ட் அலுவலக மேஜை அருகே இரண்டு பேர் நின்றிருந்தார்கள். கோட்டு போட்ட அழகன் ஒருவன். பாதி முகம் தீக்காயத் தழும்பான ஒரு பெண். அவளைப் பார்த்து முகம் சுளித்துவிட்டு, நம் ஆள் கோட்டிடம் போய்க் குழைந்தான்.

"சார், நீங்க மனசு வச்சா..."

"நானே டோக்கன் வாங்கிட்டு நிக்கறேங்க."

"ஆபீசர் நான்தான்," என்றாள் அந்தப் பெண். "குடுங்க."

படத்தைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள்.

"உங்க தம்பியா?"

"நான்தாம்மா."

கைப்பழக்கம்! சொந்தப் படத்திலும் மருவை அழித்து, தாடையைச் செதுக்கி, சுருக்கத்தையெல்லாம் துடைத்து வைத்திருந்தான் மடையன்.

"இது செல்லாது. இங்கயே எடுத்துடலாம், உட்காருங்க. தலையில இருக்கறதைக் கழட்டிடுங்க, பாதி நெத்தியை மறைக்குது."

"மேடம், எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டுமே. என்னைத் தினம் பாக்கறாங்க. முடியாதுன்னா இன்னொரு நாள் வாங்க."

இன்னொரு நாளுக்கு மகள் காத்திருப்பாளா? அவமானத்தில் காது சிவக்க, முடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான்.

திரையில் படம் வந்தது. வழுக்கை, மரு, தொங்கும் தாடை. வேறொருவன் முகமாக இருந்தால் கடைத்தெருவே சிரிக்கிற மாதிரி ஒன்று சொல்லியிருப்பான்.

"ஒரே ஒரு டச்சப்..." என்று இழுத்தான்.

"கிடையாது. இது நீங்கதானா? வாயால சொல்லுங்க, அப்பதான் அனுப்புவேன்."

ஊரார் முகத்துக்கெல்லாம் நொடியில் தீர்ப்பு சொன்னவன் மடியிலிருந்த முடியைத் தடவினான். வரிசையில் யாரோ இருமினார்கள்.

"...நான்தான்."

"கேக்கலை. சத்தமா."

"நான்தாம்மா!" என்று கத்தினான். கத்தும்போது அழுதுவிட்டான்.