ஐம்பதாவது பொட்டலம்

போர்ட்டா கேபின் என்ற அந்தத் தகர அறைக்குள் புதிதாக வாங்கியது என்று கைகாட்ட ஓர் ஆணி கூடக் கிடையாது. எல்லாமே யாரோ மனசு வைத்துக் கொடுத்தவை.

தோட்டாக் கூட்டில் குண்டை அமுக்கிப் பொருத்தும் கைப்பிரஸ், ஊரைப் பார்க்கப் போன ஒரு வெள்ளைக்காரர் கிளப்பிலேயே விட்டுவிட்டுப் போனது. தராசு, அமீரகத்தின் அல் ஐன் கடைத்தெருவில் நகைக்கடை வைத்திருக்கும் கீழக்கரை செய்கு அலாவுதீனுடையது. "வேலை முடிஞ்சதும் திருப்பிக் குடுங்க, போதும்" என்று பட்டுத்துணியில் சுற்றிக் கொடுத்திருந்தார். ஐம்பது துளை போட்ட மரக்கட்டை, லேபர் கேம்ப்பில் பக்கத்து ரூம் தச்சர் ஒரு வெள்ளிக்கிழமை லீவில் உட்கார்ந்து செய்து தந்தது.

ரெங்கராஜ் தினமும் காலையில் கதவைத் திறந்ததும் இவற்றை ஒருமுறை தொட்டுப் பார்ப்பான். சாமி படம் இல்லாத அறையில் அவனுக்கு அதுதான் கும்பிடு.

ஆறு வருஷமாக அந்தத் துப்பாக்கி சுடும் கிளப்பில் அவன் கிளீனர். சுட்டு முடித்ததும் தரையில் சிதறிக் கிடக்கும் காலித் தோட்டாக்களைக் கூட்டி அள்ளி மூட்டை கட்டுவது அவன் டியூட்டி. கோச் யஹ்யா அந்த மூட்டைகளைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். பட்ஜெட்டை வெட்டிவிட்டார்கள். புதுத் தோட்டா வாங்க வழியில்லை. பெண்கள் அணி வாரத்துக்கு ஒரு நாள்தான் பயிற்சி எடுத்தது. கிளீனர்களையும் குறைக்கப் போவதாகப் பேச்சு. பட்டியலில் ரெங்கராஜ் பெயர் இருந்தது.

அப்போதுதான் யஹ்யா அந்த யோசனையைச் சொன்னார். பித்தளைக் கூடு கெட்டுப் போவதில்லை. அதில் புதிதாக, பொறி கிளப்பும் பிரைமர் பொருத்தி, வெடிமருந்து போட்டு, குண்டை வைத்து அமுக்கினால் மறுபடி தோட்டா. ஆனால் மருந்தோடு பழக பயப்படாத, அதே சமயம் பயம் விட்டுப் போகாத ஆள் வேண்டும்.

"நான் சாத்தூர்ப் பக்கம் சார். பதினோரு வருஷம் பட்டாசு ஆபீஸ்ல மருந்து ரூம்ல இருந்தவன்" என்று துடைப்பத்தோடு நின்றபடியே இந்தியில் சொன்னான் ரெங்கராஜ்.

யஹ்யா அவனை ஏற இறங்கப் பார்த்தார். "ஆறு வருஷமா ஏன் சொல்லலை?"

"யாரும் கேக்கலையே சார்."

போலீஸ் அனுமதி வாங்க மூன்று மாதம் ஆனது. மருந்து லாக்கருக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி யஹ்யாவிடம், இன்னொன்று ஸ்டோர் கீப்பர் சாதிக் பாட்ஷாவிடம். செய்கு அலாவுதீனுக்கு தூரத்துச் சொந்தக்காரரான சாதிக் பாய்க்கு ஐம்பது வயது, நாக்குக்கு இருபது.

"ஏம்பா ரெங்கா, கரி புடிச்ச இந்தக் கூட்டையெல்லாம் கழுவ மெசின் இல்லையே, என்ன செய்வ?"

"பித்தளைதானே பாய்? புளி இருந்தா போதும்."

மறுநாள் சாதிக் பாயின் மனைவி மதீனா பீவி இரண்டு கிலோ புளி கொடுத்தனுப்பினார். கூடவே ஒரு செய்தி: "மீன் கொழம்புக்கு வச்சிருந்தது. தங்கமா பளபளக்கலேன்னா திருப்பி வாங்கிருவேன்னு சொல்லுங்க." பளபளத்தது. கேபின் கூரையில் பரப்பினால் அல் ஐன் வெயிலில் ஒரு மணி நேரத்தில் எலும்பு மாதிரி காய்ந்தது.

மருந்தை அளந்து ஊற்றும் கருவி வாங்கவும் பட்ஜெட் இல்லை. அதற்கும் ரெங்கராஜே வழி கண்டுபிடித்தான். ஒவ்வொரு தோட்டாவுக்கும் உரிய மருந்தை நகைத்தராசில் தனித்தனியாக நிறுத்து, வழவழப்பான காகிதத் துண்டில் பொட்டலம் மடித்தான். ஐம்பது கூட்டுக்கு ஐம்பது பொட்டலம். ஒன்றைப் பிரி, ஒரு கூட்டில் கொட்டு, காகிதத்தைத் தட்டில் போடு. எல்லாம் முடிந்ததும் இருவரும் டார்ச் அடித்து ஐம்பது கூட்டுக்குள்ளும் பார்க்க வேண்டும். அப்புறம்தான் சாதிக் பாய் குண்டை வைத்து பிரஸ்ஸை அழுத்துவார்.

"கோயில்ல திருநீறு மடிக்கிற மாதிரி மடிக்கிறியே!" என்று சிரிப்பார் பாய்.

"திருநீறுன்னா கூடக் கொறைய இருக்கலாம் பாய். இது அப்படி இல்ல."

அந்த வியாழக்கிழமைதான் சோதனை. ஃபெடரேஷனிலிருந்து இரண்டு அதிகாரிகள் வருகிறார்கள். இந்தத் தோட்டாவை அவர்கள் ஒப்புக்கொண்டால் பெண்கள் அணிக்குக் கோடை முழுக்கப் பயிற்சி உண்டு. ரெங்கராஜின் விசாவும் மேன்பவர் கம்பெனியிலிருந்து கிளப்புக்கு மாறும். ஒப்புக்கொள்ளாவிட்டால் மாதக் கடைசியில் அவனுக்கு ஊர் டிக்கெட். சுடப் போவது யஹ்யாவின் மகள் ஸஹ்ரா. கல்லூரி முடித்தவள், அணியிலேயே நல்ல கை.

நாற்பதாவது பொட்டலத்தைப் பிரிக்கும்போது சாயங்காலத் தொழுகைக்கான அஸர் பாங்கு கேட்டது. சாதிக் பாய் எழுந்தார்.

"தொழுதுட்டு ஓடியாந்துர்றேன். நீ ஊத்திக்கிட்டே இரு."

கடைசி வரிசையில் அவன் ஊற்றிக்கொண்டிருந்தபோது கதவு தடதடத்தது. யஹ்யாவின் குரல்: "ரெங்கராஜ், யல்லா! ஜல்தி! அவங்க வந்தாச்சு!"

பெட்டியைத் தேடு, லேபிள் ஒட்டு, கையெழுத்துப் போடு. அந்தப் பரபரப்பில் சாதிக் பாய் திரும்பி வந்து பிரஸ்ஸில் உட்கார்ந்துவிட்டார். ரெங்கராஜ் டார்ச் அடித்துப் பார்த்திருப்பான் என்று அவர் நினைத்தார். பாய் பார்த்துப் பார்த்துத்தான் அழுத்துகிறார் என்று இவன் நினைத்தான். இருவரும் ஒருவரை ஒருவர் கேட்கவில்லை.

பெட்டி போய்விட்டது. பாயும் பின்னாலேயே போய்விட்டார்.

ரெங்கராஜ் மட்டும் கேபினில் நின்று பிரஸ்ஸைத் துடைத்தான், தராசைப் பட்டுத்துணியில் சுற்றி வைத்தான். சாத்தூரில் ஒரு வழக்கம் உண்டு. மருந்து பட்ட காகிதத்தை எண்ணாமல் எடுத்துப் போக விடமாட்டார்கள். கை தானாகத் தட்டைக் கவிழ்த்தது. ஒன்று, இரண்டு, மூன்று...

நாற்பத்தொன்பது.

மறுபடி எண்ணினான். நாற்பத்தொன்பது. மேஜைக்கடியில் குனிந்தான். இல்லை. மரக்கட்டையைத் தூக்கினான். அதன் அடியில், நசுங்கிப் போய், பிரிக்காமல் ஒரு பொட்டலம்.

அதைக் கையில் பொத்திக்கொண்டான்.

ஒரு கூட்டில் மருந்து இல்லை. பிரைமர் மட்டும் வெடிக்கும். அந்தச் சின்ன உதை குண்டைக் குழாய்க்குள் பாதி தூரம் தள்ளிவிட்டு நின்றுவிடும். ஸஹ்ரா சுடுவது ரிவால்வர். அடுத்த தோட்டா தானாகச் சுழன்று வந்து நிற்கும். அவள் விசையை அழுத்தினால், அடைபட்ட குழாய் அவள் கையிலேயே பிளக்கும்.

போனை எடுத்தான். யஹ்யா, ஸ்விட்ச் ஆஃப். சாதிக் பாய், ஸ்விட்ச் ஆஃப். சுடும் கூடமான ரேஞ்சுக்குள் போன் கூடாது.

ஓடினான். மருந்து ரூமில் செருப்புப் போடாத பழக்கம். அந்த வெறுங்காலோடேயே ஓடினான். ஜூன் மாத நாலரை மணி வெயிலில் சிமெண்ட் தரை தோசைக்கல்லாக இருந்தது. இருநூறு அடி தூரம். அதற்குள் ஒரு யோசனை கூடவே ஓடி வந்தது. இப்போது கத்தினால், தப்பு என்னுடையது என்று அதிகாரிகள் முன்னால் நானே சொன்ன மாதிரி. விசா கலாஸ், முடிந்தது. ஒருவேளை அந்த வெற்றுத் தோட்டா பெட்டியின் மூலையிலேயே கிடந்துவிட்டால்? ஐம்பதில் பாதிதானே சுடப் போகிறார்கள்?

கால் நிற்கவில்லை. அதுவே பதில்.

ரேஞ்ச் கதவைத் தள்ளினான். ஐந்து பேர் வரிசையாகச் சுட்டுக்கொண்டிருந்தார்கள், மற்ற நால்வர் ஒப்பிட்டுப் பார்க்கக் கடைத் தோட்டாவில். காதைப் பிளக்கும் சத்தம். எல்லோர் காதிலும் சத்தம் தடுக்கும் மஃப். மூன்றாவது லேனில் ஸஹ்ரா. கையைத் தாழ்த்தி ஏழு விநாடி காத்திருந்து, தூக்கி ஒரு குண்டு, மறுபடி தாழ்த்தி ஏழு விநாடி.

அவன் அவள் கையை மட்டும் பார்த்தான். கை உயர்ந்தது. டமால். மணிக்கட்டு துள்ளியது. தாழ்ந்தது. மறுபடி உயர்ந்தது. ஐந்து துப்பாக்கியும் ஒரே நேரத்தில் வெடித்தன.

மூன்றாவது லேனில் கை துள்ளவில்லை.

சத்தத்தில் யாரும் கவனிக்கவில்லை. ஸஹ்ரா மட்டும் லேசாகப் புருவத்தைச் சுருக்கிவிட்டுக் கையைத் தாழ்த்தினாள். ஏழு விநாடி.

அங்கே ஒரு சட்டம் உண்டு. ரேஞ்சுக்குள் யார் 'ஸ்டாப்' என்று கத்தினாலும் எல்லோரும் நிறுத்தியாக வேண்டும். யார் கத்தினாலும். ஆனால் ஆறு வருஷத்தில் ஒரு கிளீனர் கத்தி யாரும் பார்த்ததில்லை.

"ஸ்டாப்! ஸ்டாப்! ஸ்டாப்!"

தொண்டை கிழிந்தது. மஃப் போட்ட காதுகளுக்கு எட்டியதா தெரியவில்லை. ஸஹ்ராவின் கை உயரத் தொடங்கியது. அவன் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி ஆட்டிக்கொண்டு யஹ்யாவின் எதிரில் போய் நின்றான். வெறுங்கால், வியர்வை, வெளுத்த முகம். யஹ்யா ஒரு கணம்தான் பார்த்தார். விசிலை ஊதினார்.

கை பாதி உயரத்தில் நின்றது. இறங்கியது. ரிவால்வரை மேஜையில் வைத்தாள்.

"க்யா ஹுவா?" என்றார் யஹ்யா.

ரெங்கராஜ் உள்ளங்கையை விரித்துக் காட்டினான். நசுங்கிய பொட்டலம்.

அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. ரிவால்வரைத் திறந்து தோட்டாக்களைக் கொட்டினார். மெல்லிய மரக்குச்சியைக் குழாய்க்குள் விட்டார். பாதியில் இடித்து நின்றது. சின்னச் சுத்தியலால் குச்சியை நாலு தட்டுத் தட்டினார். குண்டு நழுவி மேஜையில் உருண்டது.

"தப்பு என்னோடது சார். டார்ச் அடிச்சுப் பாக்கல" என்றான் ரெங்கராஜ்.

"என்னோடதும்தான்." சாதிக் பாய் முன்னால் வந்து அவன் தோளை ஒட்டி நின்றார். "நானும் பாக்காமத்தான் அழுத்துனேன். பட்டியல்ல பேர் எழுதுறதா இருந்தா ரெண்டையும் எழுதுங்க."

ரெங்கராஜ் அவரைத் திரும்பிப் பார்த்தான். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ், மூன்று பெண் பிள்ளைகள், ஃபேமிலி விசா. யாரும் அவரைக் கேட்கவில்லை. வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கலாம்.

அதிகாரிகளில் மூத்தவர் பொட்டலத்தை வாங்கி மூக்குக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்த்தார். யஹ்யாவிடம் அரபியில் நீளமாகப் பேசினார். யஹ்யா தலையாட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில் இந்தியில் திரும்பச் சொன்னார்:

"பதினைஞ்சு ரவுண்டு நல்லாப் போயிருக்கு. ஆனா இன்னைக்கு ஃபெயில். எழுதியாச்சு."

ரெங்கராஜ் தலை குனிந்தான்.

"இன்னும் இருக்கு, கேளு. ஒரு பொட்டலம் தவறிச்சுன்னு இப்படி எண்ணிக் கண்டுபிடிக்கிற வழி பெரிய பெரிய மெசின்லயும் இல்லையாம். அடுத்த வியாழக்கிழமை மறுபடி வர்றாங்க. ரெண்டு பேரும் டார்ச் அடிச்சுக் கையெழுத்துப் போடணும், ஐம்பது காகிதத்தையும் எண்ணிக் காட்டணும். அதுக்கப்புறம்தான் பெட்டி வெளிய வரும். நானே வந்து கதவைத் தட்டினாலும் திறக்காதே. அச்சா? அவசரப்படுத்தினது நான்."

"அப்போ... நான் இருக்கேனா சார்?"

"மஃபி முஷ்கில், பிரச்சனை இல்ல. உன் பேரை எடுக்கச் சொல்லி நான் போய்ப் பேசறேன். எம் பொண்ணு கையோட நிக்கிறா. வேற என்ன பேச இருக்கு?"

அதுவரை மேஜையில் கிடந்த குண்டையே பார்த்துக்கொண்டு நின்ற ஸஹ்ரா, மஃபைக் கழற்றிவிட்டு அவன் பக்கம் வந்தாள். ஆண்களோடு கைகுலுக்கும் வழக்கம் அந்தப் பெண்ணுக்கு இல்லை. வலது கையை விரித்துத் தன் நெஞ்சில் வைத்து, தலையைத் தாழ்த்தினாள்.

"ஷுக்ரன், ரெங்கராஜ் பாய்."

ஐந்து விரல். ஒவ்வொன்றாகப் பார்த்தான். அபாயா அங்கியின் கறுப்பில் முழுசாக ஐந்து விரல்.

அவனும் கையை நெஞ்சில் வைத்தான். நன்றி அவன் சொல்ல வேண்டியதா, அவள் சொல்ல வேண்டியதா என்று புரியாமல் திரும்பி நடந்தான். அப்போதுதான் பாதம் எரிவது தெரிந்தது. சாதிக் பாய் தன் செருப்பைக் கழற்றி அவன் முன்னால் தள்ளினார்.

"போட்டுக்க. எனக்கு சாக்ஸ் இருக்கு. ஏம்பா, அழுவுறியா?"

"இல்ல பாய். கண்ணுல மருந்து பட்டுருச்சு."

"மருந்து லாக்கர்ல இருக்கு. சாவி எங்கிட்ட இருக்கு. பொய் சொல்றதுக்கும் ஒரு கணக்கு வேணும்பா" என்றபடி அவன் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, சாக்ஸ் காலோடு சுடுசிமெண்டில் துள்ளித் துள்ளி கேபினைப் பார்த்து ஓடினார் சாதிக் பாட்ஷா.