1287 முதல் 1417 வரை தாண்டு

1

இந்தக் கதை எங்கிருந்து கிடைத்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் சகலை வீட்டு சோபாவிலிருந்து கிடைத்தது. அதாவது என் மனைவியின் தங்கையைக் கட்டியவன் வீட்டில், அவர்கள் கொடுத்த தேநீரைக் குடித்துக்கொண்டே அவர்கள் மானத்தை வாங்கக் குறிப்பெடுத்தேன். எழுத்தாளனைச் சொந்தக்காரனாக வைத்துக்கொண்டால் இப்படித்தான் ஆகும்.

முதலில் எழுதிய தொடக்கம்:

"நவீன மனிதனின் வாழ்வில் விளம்பரங்கள் என்பவை"

பேச்சுப் போட்டி வாடை அடித்ததால் விட்டுவிட்டேன். அடுத்தது:

"மழை பெய்துகொண்டிருந்தது. அவன் ஜன்னலருகே நின்று"

மழை பெய்யவில்லை. அவன் ஜன்னலருகே நின்று நான் பார்த்ததும் இல்லை. எப்போதும் கம்ப்யூட்டர் முன்னால்தான் இருப்பான்.

2

ஆகவே உள்ளபடி சொல்கிறேன். அவன் மென்பொருள் எழுதுகிறவன். குடும்பத்தில் அவனுக்குப் பெயர் கத்திரி. (பட்டம் வைத்தவள் என் மனைவி. எனக்கு இதில் பங்கில்லை. சரி, கொஞ்சம் உண்டு.) டிவியில் வருவதை எல்லாம் பதிவு செய்து வைத்து, விளம்பரம் இல்லாமல் பார்ப்பது அவன் லட்சியம். நம்மைப் போன்ற சாதாரணப் பிறவிகள் ரிமோட்டை அழுத்தி ஓட்டிவிடுவோம். அவனுக்கு அது கௌரவக் குறைச்சல். அதற்கென்றே ஒரு கோப்பு வடிவத்தை உருவாக்கினான்.

பயப்பட வேண்டாம், சின்ன விஷயம்தான். வீடியோவுக்குப் பக்கத்தில் அதே பெயரில் ஒரு எழுத்துக் கோப்பு இருக்கும். அதில் வரிக்கு மூன்று எண்கள். எத்தனையாவது நொடியிலிருந்து, எத்தனையாவது நொடி வரை, என்ன செய்ய வேண்டும். கடைசி எண் பூஜ்யம் என்றால் தாண்டு, ஒன்று என்றால் சத்தத்தை மட்டும் அடக்கு. அவ்வளவே. இந்த மூன்று எண்களுக்கு எட்டு மாதம் ஆனது.*

[* அதில் மூன்று மாதம், நொடிக்குப் புள்ளி வைப்பதா வேண்டாமா என்ற யோசனையிலேயே போயிற்று. அதே எட்டு மாதத்தில் நான் என் நாவலில் பதினோரு பக்கம் எழுதியிருந்தேன். அதனால் வாயைத் திறக்கவில்லை.]

"வீடியோ மேல கையே வைக்கல அண்ணே. ஒரு நொடிகூட வெட்டல. தாண்ட மட்டும்தான் செய்யும்" என்பான். ஏதோ அகிம்சையைக் கண்டுபிடித்துவிட்ட பெருமை முகத்தில்.

3

இங்கே அவன் மனைவி வருகிறாள். இந்தப் பாத்திரத்தைப் பற்றி எனக்குச் சந்தேகம் இருந்தது. எழுதினால் யாரும் நம்பமாட்டார்கள் என்று நினைத்தேன். அவள் விளம்பரங்களுக்குக் குரல் கொடுப்பவள். சோப்புத் தூள், தரை ஓடு, கூந்தல் எண்ணெய், ஆயுள் காப்பீடு எல்லாம் அவள்தான். பதினோரு வருடமாக அவள் எதற்காக வேலைக்குப் போகிறாளோ, அதைத் தாண்டுவதற்கு அவன் வீட்டில் உட்கார்ந்து வழி கண்டுபிடிக்கிறான். நானாகக் கற்பனை செய்திருந்தால் இவ்வளவு அப்பட்டமாகச் செய்திருக்கமாட்டேன்.

அவனுக்கு இதில் எந்தச் சங்கடமும் தோன்றவில்லை. வேலை வேறு, வீடு வேறு. விளம்பரம் எங்கே ஆரம்பிக்கிறது என்று தானாகக் கண்டுபிடிப்பதுதான் அவன் கவலை. முன்பெல்லாம் நடுவில் ஒரு கணம் திரை கறுக்கும், அதை வைத்துப் பிடித்தான். சேனல்காரர்கள் அதை நிறுத்தித் தொலைத்தார்கள். சத்தம் கூடுவதை வைத்துப் பார்த்தான். சீரியல்களில் மாமியார்கள் அதைவிடச் சத்தம் போட்டார்கள். கடைசியில் ஒரு விஷயம் பிடிபட்டது. பத்து விளம்பரத்தில் நாலில் ஒரே குரல் வருகிறது. அந்தக் குரல் கேட்டால் அது விளம்பரம், சந்தேகமே வேண்டாம்.

அந்தக் குரலை மென்பொருளுக்குப் பழக்க மாதிரி வேண்டும், அதற்கு வெளியே எங்கே போவது? அவள் வாய்ப்புத் தேடும்போது அனுப்புவதற்காகப் பதிந்து வைத்திருந்த குரல்களை எடுத்துக்கொண்டான். அவளிடம் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்றில்லை, சொல்லத் தோன்றவில்லை. இரண்டில் எது மோசம் என்று என்னைக் கேட்காதீர்கள், எனக்கும் கல்யாணமாகிவிட்டது.

4

அவளுக்கு ஒரு சீரியலில் வேடம் கிடைத்தது. முதல் தடவையாகக் குரலோடு முகமும். நர்ஸ் வேடம், ஒரே காட்சி, ஒரு தாயிடம் பிள்ளை பிழைக்கமாட்டான் என்று சொல்ல வேண்டும். ஒளிபரப்பான அன்று அவளுக்கு ஒலிப்பதிவு வேலை. அதனால் பதிவு செய்து வைத்து, ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்களையும் அழைத்தாள். நல்ல புடவை கட்டியிருந்தாள், டிவி பார்ப்பதற்கு.

ஆஸ்பத்திரி வந்தது. கதவு திறந்தது. ஒரு வெள்ளைத் தொப்பி தெரிந்தது. அடுத்த நொடி அந்தத் தாய் தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

நான் சிரித்துவிட்டேன். (இந்த வரியை மூன்று தடவை அடித்துவிட்டுத் திரும்பச் சேர்த்திருக்கிறேன்.)

அவளுக்கு முகம் செத்துவிட்டது. "என்னை வெட்டிட்டாங்க போல" என்றாள், சேனலைச் சொல்கிறாள். கத்திரிக்கு அந்தக் கணமே புரிந்துவிட்டது. பேசாமல் இருந்திருந்தால் பழி சேனல்மேல் போயிருக்கும், அவனும் தப்பித்திருப்பான். ஆனால் தன் கண்டுபிடிப்பை யாரோ வெட்டு என்று சொல்வதை அவனால் பொறுக்க முடியவில்லை.

"வெட்டலம்மா, அப்படியேதான் இருக்கு. ஒரு வரியை எடுத்துட்டா போதும்" என்று கோப்பைத் திறந்து காட்டினான். 1287, 1417, 0. நூற்றுமுப்பது நொடி.

அதற்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டாள். சொன்னான். மாதிரி எடுத்தது முதல் எல்லாவற்றையும், ஒழுங்காக, வரிசையாகச் சொன்னான்.

அவள் அந்த மூன்று எண்களின்மேல் விரலை வைத்தாள். "என் குரல் வந்தா தாண்டிடணும்னு எழுதி வெச்சிருக்கீங்க" என்றாள். வரியை எடுத்துவிட்டுத் திரும்பப் போடட்டுமா என்றான். வேண்டாம் என்று உள்ளே போய்விட்டாள். அந்தக் காட்சியை இன்றுவரை எங்களில் யாரும் பார்க்கவில்லை. தானே அனுமதிக்கும்வரை அவன் அதைத் தொடக்கூடாது என்பது அவள் உத்தரவு.

5

முடிவு அ: இருவரும் கைகோத்துக்கொண்டு அந்தக் காட்சியைப் பார்க்கிறார்கள். (எழுதும்போதே எனக்குக் குமட்டியது.)

முடிவு ஆ: அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்கு வந்துவிடுகிறாள். (அக்கா வீடு என்றால் என் வீடு. காலியாக இருக்கும் ஒரே அறையில் நான்தான் எழுதுகிறேன். நிராகரிக்கப்பட்டது.)

முடிவு இ, நடந்தது: அவன் வருந்தினான். அவனுக்குத் தெரிந்த விதத்தில் வருந்தினான், அதாவது மென்பொருளைத் திருத்தினான். இப்போது அவள் குரல் வந்தால் மட்டும் தாண்டாது. விளம்பரம் என்றாலே பல்லைக் கடிக்கிறவன் சோப்புத் தூளையும் காப்பீட்டையும் முழுசாக, குனிந்து, காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தான். ஒரு மாதம். பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

போன ஞாயிறு நான் அங்கே இருந்தபோது ஒரு சிமென்ட் விளம்பரம் தாண்டாமல் ஓடியது. அவள் துவைத்த துணியோடு அந்தப் பக்கம் வந்தாள். அவன் திரும்பி, மனதாரச் சொன்னான்: "கடைசி வார்த்தைக்கு முன்னால லேசா ஒரு மூச்சு விடறியே, அது ரொம்ப நல்லா இருக்கு."

அவள் துணியைக் கீழே வைத்தாள்.

"அது நான் இல்லங்க."

6

அதற்கு அவன் பதில் சொல்ல வேண்டும். வாயைத் திறந்தான். அவன் சொன்னது எழுத லாயக்கில்லாத அசட்டு வாக்கியம். அதனால் அவனுக்காக நானே நாலு வாக்கியம் எழுதினேன். நாலும் பிரமாதம், ஒன்றில் எனக்கே கண் கலங்கியது. மைத்துனியிடம் படிக்கக் கொடுத்தேன். பொறுமையாகப் படித்துவிட்டு நாலையும் பேனாவால் அடித்தாள்.

"மாமா, நான் சிரிச்சேன்னு எழுதினாலும் சரி, அழுதேன்னு எழுதினாலும் சரி. அவர் சொல்ல வேண்டியத மட்டும் நீங்க எழுதிக் குடுக்காதீங்க."

எனவே இங்கே ஒரு வரி காலியாக இருக்கிறது:

. . . . . . . . . .

நீங்கள் யாராவது நல்லதாக ஒன்று எடுத்துக்கொடுக்கலாம் என்று நினைத்தால், தயவுசெய்து மெதுவாக. அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.