முப்பத்தெட்டு நாள், நாலு டிகிரி

கர்ப்பிணிகளுக்கான ஃப்ளூ ஊசி நாற்பது, ஒரு தெர்மாகோல் பெட்டியில் வந்து இறங்கிய அன்று, அந்தச் சின்ன மருத்துவமனையில் முதலில் காய்ச்சல் கண்டது தலைமை மருத்துவருக்குத்தான். விழாக் காய்ச்சல். நோயாளியை நாக்கை நீட்டச் சொல்வதற்கே தொண்டையைச் செருமிக்கொண்டு "இந்த இனிய வேளையிலே" என்று தொடங்குகிற மனிதர். ஊழியர்கள் வைத்த பெயர் மைக் டாக்டர்.

"சிஸ்டர், ஒரு ஊசிகூட வெளிய போகக் கூடாது. பெரிய இடத்து ஆளைக் கூப்பிட்டு, தொடக்க விழா வெச்சு, அப்புறம்தான். அதுவரைக்கும் மருந்து வந்ததே யாருக்கும் தெரிய வேண்டாம். தெரிஞ்சா ஆளாளுக்குக் கையை நீட்டுவாங்க."

"ஊசிக்குக் கையைத்தானே சார் நீட்டணும்" என்றாள் ஆயா. அது அவர் காதில் ஏறவில்லை. பாராட்டு அல்லாத எதுவும் அவர் காதில் ஏறுவதில்லை.

ஃப்ரிட்ஜின் சாவி நர்ஸின் சட்டைப்பையில் இருந்தது. காலையும் மாலையும் வெப்பநிலையைப் பார்த்து, கதவில் ஒட்டிய தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுவது அவள் வேலை. நாலு டிகிரி. நாலு டிகிரி. பதினெட்டு வருஷமாக அந்தத் தாளில் ஒரு கட்டம்கூட அவள் காலியாக விட்டதில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

பெட்டி வந்த மூன்றாம் நாள் தங்கை வந்தாள். எட்டாம் மாதம்.

"அக்கா, ஃப்ளூ ஊசி போடணும்னு சொன்னியே. போட்டு விடு, போறேன். அவர் பஸ்ல நூறு பேர் இருமுறதை வாங்கிட்டு வர்றாரு." தங்கையின் கணவன் பஸ் கண்டக்டர்.

கைக்கெட்டும் தூரத்தில் ஃப்ரிட்ஜ் உறுமிக்கொண்டிருந்தது. ஆனால் அன்று காலைதான் மைக் டாக்டர் கேட்டிருந்தார்: மேடையில் முதல் ஊசி போட்டுக்கொள்ள, பார்க்க லட்சணமான ஒரு கர்ப்பிணி வேண்டும். "என் தங்கச்சியே இருக்கா சார்" என்று அவள் சொல்லியிருந்தாள். சும்மா சொல்லவில்லை. பேப்பரில் படம் வரும்; வீட்டில் மாட்டலாம் என்று மனசுக்குள் சட்டமே போட்டுவிட்டாள்.

"இன்னும் வரலடி. வந்ததும் முதல் ஊசி உனக்குத்தான்."

பெரிய இடத்து ஆள் மூன்று முறை தேதி மாற்றினார். முதல் தடவை வெளியூர். இரண்டாம் தடவை இன்னொரு மேடை. மூன்றாம் தடவை அவருக்கே ஃப்ளூ. தாளில் கட்டங்கள் நிறைந்துகொண்டே போயின.

முப்பத்தெட்டாம் நாள் விழா நடந்தது. ஃப்ரிட்ஜுக்கே ரிப்பன் கட்டினார்கள். "இன்று காலை வந்திறங்கிய இந்த அரிய மருந்து" என்று மைக் டாக்டர் ஒன்றேகால் மணி நேரம் பேசினார். விருந்தினர் மூடி கழற்றாத ஊசியைத் தங்கையின் தோளருகே பிடித்துச் சிரித்தார். படம் எடுத்த பிறகு நர்ஸ் நிஜ ஊசியைப் போட்டாள். அன்று இருபத்தெட்டு பேருக்குப் போட்டார்கள். மீதிப் பன்னிரண்டை, "இரண்டாம் கட்ட விழாவுக்கு" என்று மைக் டாக்டர் திரும்பவும் உள்ளே பூட்டச் சொன்னார்.

விழா முடிந்த ஐந்தாம் நாள் தங்கைக்கு வலி கண்டது. பெண் குழந்தை. அக்காவின் மூக்கு.

குழந்தைக்கு மூன்று வாரம் ஆனபோது கண்டக்டர் இருமிக்கொண்டே வீட்டுக்கு வந்தார். இரண்டு நாளில் குழந்தை பால் குடிப்பதை நிறுத்தியது. மூச்சு இழுக்கும்போது விலா எலும்புகளுக்கு நடுவே தோல் குழிந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் ஃப்ளூதான் என்றார்கள்.

"நீங்க கர்ப்பமா இருந்தப்ப ஊசி போட்டீங்களாம்மா?" என்று குழந்தை டாக்டர் கேட்டார்.

"போட்டேன் டாக்டர். முதல் ஊசியே எனக்குத்தான். பிரசவத்துக்கு அஞ்சு நாள் முன்னாடி."

"அஞ்சு நாள் போதாதும்மா. உங்க உடம்புல எதிர்ப்பு உண்டாகி, அது குழந்தைக்குப் போய்ச் சேர ரெண்டு வாரமாவது வேணும். ஆறு மாசம் வரைக்கும் குழந்தைக்கு நேரா போட முடியாது. அம்மா கொடுக்கிறதுதான்." அவர் குரலில் குற்றச்சாட்டே இல்லை. பக்கத்தில் நின்ற அக்காவுக்கு அதுதான் தாங்கவில்லை.

ஆறு நாள் வைத்திருந்தார்கள். ஏழாம் நாள் கொடுத்துவிட்டார்கள், துணியில் சுற்றி.

பத்து நாள் கழித்து, குழந்தையின் தடுப்பூசி அட்டையைத் திருப்பிக் கொடுக்கத் தங்கை வந்தாள். தபாலில் போட்டிருக்கலாம். பால் கட்டி நனைந்த சட்டையை மறைக்கப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஃப்ரிட்ஜுக்கு எதிரே உட்கார்ந்தாள். ஃப்ரிட்ஜுக்கு மேலே சட்டம் போட்ட விழாப் படம். அதை எடுத்துவிடலாமா என்று நர்ஸ் போன வாரம் கேட்டதற்கு, "என் முகம் தெளிவா விழுந்த ஒரே படம் சிஸ்டர்" என்றிருந்தார் மைக் டாக்டர்.

"நான் இன்னொரு ஆஸ்பத்திரில கேட்டிருக்கலாம்ல அக்கா?" என்றாள் தங்கை. "இங்க வரலன்னா வேற எங்கயாவது வந்திருக்கும். சோம்பேறித்தனமா இருந்துட்டேன். இவரும் அதையே நினைக்கிறாரு. வாயால சொல்லல."

நர்ஸ் எழுந்தாள். ஆணியில் குத்தியிருந்த பழைய தாள்களைக் கழற்றி, உரிய இரண்டைத் தேடி எடுத்துத் தங்கையின் மடியில் வைத்தாள். பெட்டி வந்த தேதி மேலே சிவப்பு மையில் இருந்தது: ஃப்ளூ ஊசி, நாற்பது.

"நீ கேட்டப்ப உள்ளதான் இருந்துச்சு" என்றாள். "மேடையில போடலாம்னு நான்தான்... பொய் சொன்னேன்."

தங்கை விரலை வைத்து ஒவ்வொரு கட்டமாகப் போனாள். காலை நாலு. மாலை நாலு. ஒவ்வொன்றின் கீழும் அக்காவின் கையெழுத்து. கடைசிக் கட்டம் வரைக்கும் விரல் நிற்கவில்லை.

"ஒரு நாள்கூட விடாம எழுதியிருக்க" என்றாள்.

திட்டியிருந்தால் தேவலை.

வெளியே பெஞ்சில் வயிற்றைத் தூக்கிக்கொண்டு நாலு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். தங்கை அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்ப இருக்கா உள்ள?"

"பன்னெண்டு இருக்கு. அடுத்த விழாவுக்கு."

"போடு."

நர்ஸ் சாவியை எடுத்தாள். ஃப்ரிட்ஜைத் திறந்தாள். முதல் பெண்ணை உள்ளே கூப்பிட்டுவிட்டுத் திரும்பியபோது, நாற்காலியில் அட்டை மட்டும் இருந்தது. தாள்களைத் தங்கை எடுத்துப் போயிருந்தாள்.